ஒரு சுவரை எடுக்க ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் 6,000 கேட்கிறார், இன்னொருவர் 35,000 கேட்கிறார்: எது நியாயம்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான். பெங்களூர் ராமமூர்த்தி நகரில் 30க்கு 40 அடி சைட்டில் உங்கள் அப்பா 1998ல் கட்டிய வீடு, தரைத்தளமும் முதல் மாடியும். கீழே சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டு ஒரே இடமாக ஆக்க வேண்டும், முடிந்தால் மொட்டை மாடியில் ஒரு ரூமும் போட வேண்டும். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் 6,000 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 35,000 என்கிறார், மேஸ்திரியோ "இதுக்கெல்லாம் இன்ஜினியர் எதுக்கு சார், நான் பார்க்காத சுவரா" என்கிறார். எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது இந்த இருவரில் யார் ஏமாற்றுகிறார், இந்தச் செலவே இல்லாமல் வேலையை முடிக்க முடியுமா என்பதுதான் என்று நினைக்கிறேன். முதலாவதற்குப் பதில், இருவருமே ஏமாற்றவில்லை, இரண்டு பேரும் இரண்டு வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவதற்குப் பதில் உங்கள் சுவர் எந்த வகை என்பதில் இருக்கிறது. அதை நேரில் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

நான் பெங்களூரில் பல வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், புதுக் கட்டடத்தைவிடப் பழைய வீடுகளைச் சரிசெய்வது, மாடி கூட்டுவது போன்ற வேலைகள்தான் அதிகம். கீழே சொல்லும் தொகைகள் நானும் எனக்குத் தெரிந்த இன்ஜினியர்களும் வாங்குபவை. இதற்கென்று அரசு வைத்த கட்டணப் பட்டியல் கிடையாது, அதனால் இடத்துக்கும் ஆளுக்கும் தகுந்தபடி கொஞ்சம் ஏறி இறங்கும். நேரில் வந்து பார்த்து வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போக 3,000 முதல் 7,000 வரை. பார்த்ததைப் படங்களோடு இரண்டு மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர 8,000 முதல் 15,000. ஒரு சுவரை எடுத்து அந்த இடத்தில் பீம் கொடுக்க அளவெடுத்து, கணக்குப் போட்டு, டிராயிங் தந்து, வேலை நடக்கும்போது இரண்டு தடவையாவது வந்து பார்க்க 20,000 முதல் 40,000. மாடி கூட்ட முடியுமா என்ற ஆய்வு 50,000ல் தொடங்கி லட்சத்தைத் தாண்டும், சோதனைச் செலவு அதில் சேராது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவராக இருந்தால் இதற்கு மேல் 18 சதவீதம், அதாவது 25,000 என்று பேசியது பில்லில் 29,500 ஆக வரும். வருட வருமானம் 20 லட்சத்துக்குள் இருப்பவர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆகவே ஒருவர் வரி போடுகிறார், இன்னொருவர் போடவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இந்தத் தொகை ஏன் இப்படித் தாவுகிறது என்றால், சுவர் எவ்வளவு பெரிது என்பதைவிட உங்கள் வீட்டைப் பற்றி எவ்வளவு தெரியவில்லை என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. டிராயிங் கையில் இருக்கும் பத்து அடிச் சுவரைவிட, எந்தக் காகிதமும் இல்லாத நாலு அடிச் சுவருக்கு எனக்கு அதிக நேரம் பிடிக்கும். 1998ல் கட்டிய 30க்கு 40 வீடு என்றால் பெரும்பாலும் காகிதம் இருக்காது. இருந்தாலும் அது பிளான் சாங்ஷனுக்காகக் கொடுத்த வரைபடமாக இருக்கும், உள்ளே என்ன கம்பி போட்டார்கள் என்பது அதில் வராது.

முதலில் தெரிய வேண்டியது, உங்கள் வீடு பில்லர் வைத்துக் கட்டியதா, இல்லை சுவரே பாரம் தாங்கும் வீடா. அந்தக் காலத்து பெங்களூர் வீடுகளில் இரண்டும் உண்டு, இரண்டும் கலந்ததும் உண்டு. முன்பக்கம் போர்ட்டிகோவில் இரண்டு பில்லர் நிற்கும், அதைப் பார்த்து "பில்லர் வீடு" என்று எல்லோரும் சொல்வார்கள், உள்ளே போனால் முழுக்கச் சுவர்மேல் உட்கார்ந்த சிலாப்தான். நீங்களே பார்க்கக்கூடிய அடையாளங்கள் சில இருக்கின்றன. கதவு நிலைக்குப் பக்கத்தில் சுவரின் தடிமனை டேப் வைத்து அளந்து பாருங்கள். பூச்சோடு சேர்த்து 10 அங்குலம் வந்தால் அது 9 அங்குலச் செங்கல் சுவர், பாரம் தாங்குவதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். 5 அங்குலத்துக்குள் வந்தால் அது அறையைப் பிரிக்க மட்டும் கட்டிய தடுப்புச் சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். சுவருக்கு மேலே கூரையோடு சேர்ந்து பீம் கீழே இறங்கித் தெரிகிறதா, அந்த பீம் இரண்டு பக்கமும் பில்லரில் போய் முடிகிறதா என்று பாருங்கள். அப்புறம் மாடிக்குப் போய் அதே இடத்துக்கு நேர் மேலே சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் பாரமும் கீழ்ச் சுவர்மேல்தான் வருகிறது என்று எண்ண வேண்டும். தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துச் சொல்வது, ஜன்னல் மட்டத்தில் ஓடும் லிண்டலைக் காட்டி "பீம் இருக்கு சார்" என்பது, இரண்டையும் நம்ப வேண்டாம். லிண்டல் ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே இருக்கும் சுவரைத் தாங்கப் போட்டது, முழு அறையின் சிலாப்பைத் தாங்க அல்ல.

சுவர் மெல்லிய தடுப்புச் சுவராக இருந்து, மேலே பீமும் தெரிந்தால், 6,000 ரூபாய்க்காரர் சொல்வதே போதும். அவர் வந்து பார்த்து, மேல்பூச்சை இரண்டு இடத்தில் கொத்தச் சொல்லி உறுதி செய்துகொண்டு, "எடுக்கலாம்" என்று ஒரு பக்கம் எழுதித் தந்தால் விஷயம் முடிந்தது. இந்த நிலையில் இன்ஜினியர் உங்களுக்குப் பணம் மிச்சப்படுத்தியும் கொடுப்பார். தேவையே இல்லாத இடத்தில் மேஸ்திரி பாதுகாப்புக்கு என்று இரும்பு பீம் போட்டு நாற்பது ஐம்பதாயிரம் பில் போட்டதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுவர் பாரம் தாங்குவதாக இருந்தால் கதையே வேறு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் வீட்டு அளவு இல்லை, இந்த மாதிரி வீடுகளில் சாதாரணமாக வரும் அளவு. 10 அடிச் சுவரை எடுக்கிறோம், இரண்டு பக்கமும் 11 அடி அறைகள், சிலாப் 5 அங்குலம். சிலாப்பின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 310 கிலோ. டைல்ஸ், அடியில் கலவை, கீழ்ப்பூச்சு எல்லாம் சேர்த்து 120. ஆட்களுக்கும் சாமான்களுக்கும் ஐஎஸ் 875 (கட்டடப் பாரங்களுக்கான இந்தியத் தர விதி) சொல்லும் 200. மொத்தம் 630. இந்தச் சுவருக்கு இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதி அறை வருகிறது, அதனால் ஒரு மீட்டர் நீளச் சுவர்மேல் கிட்டத்தட்ட 2,100 கிலோ. மொட்டை மாடி சிலாப்பிலிருந்தும் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். நடுவில் முதல் மாடியின் 9 அங்குலச் சுவர், அது மீட்டருக்கு 1,500 கிலோ. எல்லாம் கூட்டினால் மீட்டருக்கு 5,700 கிலோ, 10 அடிக்குப் பதினேழு டன். மேஸ்திரி அந்த இடத்தில் நிறுத்த நினைக்கும் ஒரு சி சேனல் (சி வடிவ இரும்பு) இதைத் தாங்காது. இந்தக் கணக்குக்கு 200 மில்லிமீட்டர் உயரமுள்ள ஐ செக்ஷன் (ஐ எழுத்து வடிவ இரும்பு பீம்) இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சரியாக வரும்.

பீமோடு விஷயம் முடிவதில்லை, பலரும் கவனிக்காமல் விடுவது அதற்கு அடுத்ததைத்தான். முன்பு 10 அடி நீளத்துக்குப் பரவி இறங்கிய பதினேழு டன், இப்போது இரண்டு முனைகளில் எட்டரை எட்டரை டன்னாக இறங்குகிறது. பீமின் முனை சுவர்மேல் 9 அங்குலம் உட்கார்ந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 16 கிலோ. சாதாரணச் செங்கல் சுவருக்கு ஐஎஸ் 1905 அனுமதிக்கும் அழுத்தம் அதில் பாதி அளவுதான், செங்கல் நல்லதாக இருந்தால் கொஞ்சம் கூடும். ஆகவே முனையில் கான்கிரீட் மெத்தை கொடுக்க வேண்டும், இல்லை பில்லர் எழுப்பி அதற்குக் கீழே அஸ்திவாரமும் போட வேண்டும். அந்தக் காலத்து வீடுகளில் அஸ்திவாரம் பெரும்பாலும் சைஸ் கல் வைத்துக் கட்டியது, அது நீளமாகப் பரவிய பாரத்துக்கு ஏற்றது, ஒரே இடத்தில் குத்திட்டு இறங்கும் பாரத்துக்கு இல்லை. 35,000 கேட்டவர் இதையெல்லாம் பார்த்து, முட்டு எந்த வரிசையில் கொடுப்பது, சுவரை எத்தனை துண்டாக எடுப்பது, மாடிச் சுவரைத் துளைத்துக் குறுக்கே இரும்பு நுழைத்து எப்படிப் பிடிப்பது என்று வரைந்து தருகிறார் என்றால், அந்தத் தொகை அதிகமே இல்லை. இரும்புக்குப் பதில் கான்கிரீட் பீம் போட்டால், 6 மீட்டருக்குள் உள்ள பீமுக்கு அடியில் முட்டு 14 நாள் இருக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 சொல்கிறது, அதுவும் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிபிசி (சாம்பல் கலந்த சிமெண்ட்), அதற்கு இன்னும் சில நாள் விடுவது நல்லது. வாடகை ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஐந்தாம் நாளே கழற்றுவது இந்த ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அன்றைக்கு ஒரு தடவை இன்ஜினியர் வந்து நின்றால் அது நடக்காது, அதனால்தான் தளத்துக்கு எத்தனை தடவை வருவார் என்பதைப் பேச்சிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள் என்கிறேன்.

"என் கான்ட்ராக்டரே இன்ஜினியரை வைத்திருக்கிறார், தனியாகக் காசு வேண்டாம் என்கிறார்" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சம்பளம் கொடுப்பவரின் வேலையை நிறுத்தச் சொல்லும் இடத்தில் அந்த இன்ஜினியர் இல்லை. மும்பை காட்கோபரில் 2017 ஜூலையில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு இடிந்து 17 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் நடந்த மாற்று வேலையில் பில்லர்களில் கை வைத்ததாகத்தான் புகார் எழுந்தது. உங்கள் வீட்டுச் சுவரும் அதுவும் ஒன்றல்ல, பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் கீழ்த்தளத்தில் எடுக்கும் ஒரு தாங்கியின் விளைவு மேலே தூங்குகிறவர்கள் மேல் விழுகிறது என்பதை வீட்டுக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள், உங்கள் மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மொட்டை மாடி ரூம் விஷயத்துக்கு வருவோம். இதை ஒரே சம்பளத்தில் சேர்த்துப் பேசாதீர்கள், இது தனி வேலை. மாடியில் பில்லர் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, அப்பா அப்போதே அடுத்த மாடிக்கு யோசித்துத்தான் விட்டிருக்கிறார் என்கிறீர்கள். அவர் யோசித்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் நீட்டிய கம்பி ஆசைக்குச் சாட்சி, அஸ்திவாரத்துக்குச் சாட்சி அல்ல. இருபத்தைந்து வருட மழையில் நின்ற கம்பியை ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்து வெர்னியரில் அளந்தால், 12 மில்லிமீட்டராக இருந்தது 10க்குக் கீழே வந்திருப்பதைப் பார்க்கலாம், அந்த நிலையில் அதோடு புதுக் கம்பியைக் கட்டி மேலே ஏற்ற முடியாது. 1998ல் நடப்பில் இருந்தது 1978ஆம் வருட ஐஎஸ் 456, அதில் ஆர்சிசிக்கு (கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு) எம்15 பலமுள்ள கான்கிரீட் போதும், அந்த எண் கூடக் கூடப் பலமும் கூடும். 2000ல் வந்த திருத்தத்தில்தான் குறைந்தது எம்20 என்றானது. ஆகவே உங்கள் வீட்டில் சைட்டிலேயே சிமெண்ட், மணல், ஜல்லியை 1:2:4 என்று கலந்து போட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் நான் கணக்கைத் தொடங்குவேன்.

மாடி கூட்டலில் எது நிச்சயம், எது ஊகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சோதனைக்குக் கொடுக்கும் காசு எதை வாங்குகிறது என்பது தெரிய வேண்டும். கம்பி ஸ்கேனர் வைத்தால் கம்பி எங்கே, எத்தனை என்பது ஏறத்தாழ உறுதியாகத் தெரியும், கம்பியின் தடிமன் அவ்வளவு உறுதியாகத் தெரியாது, ஓரிரு இடத்தில் கொத்திப் பார்த்தே ஆக வேண்டும். ரீபவுண்ட் ஹாமர் என்று ஒன்றை வைத்துக் கான்கிரீட்டில் குத்திக் குத்தி எண் எழுதுவார்கள், இடத்துக்கு இருநூறு முன்னூறு ரூபாய், மலிவு. ஆனால் அது சொல்லும் பலத்தில் 25 சதவீதம் மேலோ கீழோ பிழை இருக்கலாம் என்று அதற்கான ஐஎஸ் கோடே ஒத்துக்கொள்கிறது. பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றுபட்டு இறுகியிருக்கும், அதனால் உள்ளே இருப்பதைவிட நல்ல எண்ணே வரும். அதை மட்டும் வைத்து யாராவது "மாடி கட்டலாம்" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். கோர் எடுத்து (கான்கிரீட்டை உருளையாகத் துளைத்து எடுப்பது) லேபில் நசுக்கிப் பார்ப்பதுதான் நம்பகமானது, ஒரு கோருக்கு 3,000 முதல் 6,000 ஆகும், மூன்றுக்குக் குறையக் கூடாது. அஸ்திவாரத்துக்கு எந்தக் கருவியும் கிடையாது, பில்லர் பக்கத்தில் குழி தோண்டி ஃபுட்டிங்கின் (பில்லரின் அடிப்பீடம்) அகலத்தையும் ஆழத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு ஆள் ஒரு நாள் கூலியில் முடிகிற வேலை. நான் முதலில் செய்யச் சொல்வது இந்தக் குழியைத்தான், ஏனென்றால் அஸ்திவாரம் சின்னதாக இருந்தால் மற்ற சோதனைகளுக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ரூம் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். மக்கள் நடமாடும் மொட்டை மாடிக்குக் கணக்கில் வைக்கும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. அதன்மேல் 6 அங்குல சாலிட் பிளாக் சுவர் எழுப்பினால் மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 900 கிலோ, அதே சுவர் எடை குறைந்த ஏஏசி பிளாக்கில் 300 கிலோதான். மேலே கான்கிரீட் சிலாப்புக்குப் பதிலாக இரும்பு ஃப்ரேமும் பேனல் கூரையும் என்றால் இன்னும் இறங்கிவிடும். சிலாப் வீடு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், எடை குறைந்த கட்டுமானத்துக்குச் சம்மதித்தால் ஆய்வுச் செலவும் குறையும், பதில் "சரி" என்று வரும் வாய்ப்பும் கூடும். அனுமதி தனி. 2025 செப்டம்பரிலிருந்து பழைய மாநகராட்சியான பிபிஎம்பி போய் கிரேட்டர் பெங்களூர் அத்தாரிட்டியும் ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டன. இன்ஜினியரின் கணக்கு பிளான் சாங்ஷனுக்கு மாற்று ஆகாது, உங்கள் காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) எந்த வகை என்பதையும் முதலிலேயே எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைக்க வழி கேட்டிருக்கிறீர்கள். பேரம் பேசி இரண்டாயிரம் குறைப்பதைவிட, இன்ஜினியரின் ஊகத்தைக் குறைத்துக் கொடுங்கள். பழைய சாங்ஷன் பிளான், கட்டும்போது எடுத்த போட்டோக்கள் (பூமி பூஜை, நிலை வைத்தது, கூரை போட்டது, பெட்டியில் கிடக்கும் எதுவானாலும் சரி) எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஒரு கூரை போட்ட நாள் போட்டோவில் கம்பி கட்டு தெரிந்தால் அதுவே ஸ்கேனர் வாடகையை மிச்சப்படுத்தும். கட்டிய மேஸ்திரி தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ இருந்தால் போனில் பிடித்து, பில்லர் குழி எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கலாம். சமையலறை எப்படி வர வேண்டும் என்பதை முடிவு செய்தபிறகு கூப்பிடுங்கள், இரண்டாம் தடவை டிராயிங் மாற்றினால் இரண்டாம் தடவை காசு.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயம். ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972ஆம் வருடச் சட்டமும் கவுன்சில் பதிவும் இருக்கிறது. இன்ஜினியர்களுக்கு அந்த மாதிரி நாடு முழுக்க ஒரே ஏற்பாடு இல்லை, ஊர் மாநகராட்சி தரும் பதிவுதான் கைப்பிடி. பதிவு எண், ஸ்ட்ரக்சரில் எம்.இ அல்லது எம்.டெக் படித்தவரா, பழைய வீடுகளில் வேலை செய்திருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். தொகை சொல்லும்போதே எத்தனை விசிட், டிராயிங் உண்டா, கையெழுத்து உண்டா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். மும்பை, டெல்லியிலிருந்து படிப்பவர்களுக்கு: ஐஎஸ் 1893ன் 2016 பதிப்பில் பெங்களூர் நிலநடுக்க மண்டலம் இரண்டு, மும்பை மூன்று, டெல்லி நான்கு. மண்டலம் ஏற ஏறக் கணக்கும் கம்பி விவரமும் கூடும், கட்டணமும் கூடவே போகும். மும்பையில் 30 வருடம் தாண்டிய கட்டடத்துக்கு மாநகராட்சிச் சட்டம் 353பி பிரிவின்படி ஸ்ட்ரக்சுரல் ஆடிட் கட்டாயம், சொசைட்டியிடம் அந்த அறிக்கை இருந்தால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். அப்பார்ட்மெண்டில் இருப்பவர்கள், உங்கள் கட்டடம் மைவான் முறையில் போட்டதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அதில் சுவர்களே கான்கிரீட், அவையே கட்டடத்தைத் தாங்குகின்றன, அதில் எதையும் எடுக்க முடியாது, ஏசி பைப்புக்கு ஓட்டை போடுவதைக்கூடக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது இது. முதலில் 6,000 ரூபாய்க்காரரைக் கூப்பிடுங்கள், ஆனால் இன்னும் மூவாயிரம் நாலாயிரம் சேர்த்துக் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். தடுப்புச் சுவர் என்று அவர் எழுதினால் அதோடு நின்றுவிடும். பாரம் தாங்கும் சுவர் என்றால் 35,000 சொன்னவரிடம் போங்கள், முதல் அறிக்கையைக் காட்டினால் அவர் தொகையும் கொஞ்சம் இறங்கும். மொட்டை மாடியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், குழி மட்டும் தோண்டிப் பாருங்கள். ஆடி முடிந்ததும் மேஸ்திரி வேலையைத் தொடங்குகிறேன் என்று சொல்லியிருப்பதால் அவசரம் என்று எழுதியிருந்தீர்கள். பாத்ரூம் டைல்ஸையும் வாட்டர்ப்ரூஃபிங்கையும் முதலில் எடுக்கச் சொல்லுங்கள், தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்ப்பதோடு சேர்த்து அதற்கே ஒரு வாரம் பத்து நாள் போய்விடும், அதற்குள் இன்ஜினியர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார், மேஸ்திரிக்கும் கூலி நிற்காது.